முனியம்மா இறந்த இடம்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பது.

உதயா இரும்புலியூர் வீட்டின் கேட்டைத் திறந்தபோது அண்ணன் ஏகநாதன் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா, கண்டுபுடிச்சிட்டியா?"

"காபி குடிச்சிட்டுச் சொல்றேண்ணா."

"அப்ப கண்டுபுடிக்கல."

உதயா செருப்பைக் கழற்றினாள்.

போன வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் பூவாடைக்காரியை அழைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. பெயர் முனியம்மா. ஏகநாதனின் தாத்தாவுக்குப் பாட்டி. நூற்று முப்பது வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. ஏரியில் மூழ்கினாள் என்றார்கள். அவளுக்கு மூன்று வயது மகன் ஒருவன் இருந்தான். அவன் வழியில் வந்தவர்கள்தான் இவர்கள்.

சுமங்கலியாகச் செத்தவள் வீட்டுத் தெய்வமானாள். அவள் இறந்த இடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, மஞ்சள் சேலை சார்த்தி, பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். அவள் வீட்டு மருமகள் மேல் இறங்கி, சரி என்று சொல்லுவாள். பிறகுதான் நிச்சயதார்த்தம்.

இந்தத் தடவை அவள் இறங்கவில்லை. பம்பைக்காரர் மோகன்ராஜ் இரண்டு மணி நேரம் பாடினார். ஏகநாதனின் மனைவி தனம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கால் வலித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

மோகன்ராஜ் பம்பையைக் கீழே வைத்தார். "இது அவ செத்த எடத்துத் தண்ணி இல்ல. இத்தினி கல்யாணத்துக்குப் பொறுத்துகினா, இப்ப மாட்டேன்றா. சரியான தண்ணி எடுத்துகினு வாங்க, கூப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். குரோம்பேட்டையில் மண்டபம் பேசியாயிற்று. பெண், ஏகநாதனின் மகள் தேவதர்ஷினி. மாப்பிள்ளை ஆரோன், அனகாபுத்தூர்க்காரன், திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஏகநாதன் எட்டு மாதமாக முடியாது என்றார். ஒன்பதாவது மாதம் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். முனியம்மா சரி என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை மோகன்ராஜ் மறுபடியும் வருகிறார். அதற்குள் தண்ணீர் வேண்டும்.

ஏகநாதன் அந்த வேலையைத் தங்கையிடம் கொடுத்தார். உதயா மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். பதினாறு வருஷமாக. பெரும்பாலும் கல்யாண விசாரணை. காணாமல் போனவர்கள் பதினொரு பேரைத் தேடி ஒன்பது பேரைக் கண்டுபிடித்திருக்கிறாள். விக்டோரியா ராணி காலத்தில் காணாமல் போனவளைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

தனம் காபி கொண்டுவந்தாள்.

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க உதயா. ஒடம்புல ஒண்ணும் வரல. வராததை வந்துச்சுன்னு ஆட முடியுமா?"

"கொஞ்சம் ஆடியிருக்கலாம்மா," என்று உள்ளிருந்து தேவதர்ஷினியின் குரல் வந்தது. "கல்யாணம் என்னுது."

"உங்கப்பா கண்டுபுடிச்சிடுவாரு. இந்த வூட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் நான் ஆடினதைப் பாத்தவரு."

ஏகநாதன் சிரிக்கவில்லை. "மதம் வேறன்னாங்க, சரின்னேன். முறை கெட ஒண்ணும் இல்லியேன்னு மட்டும் கேட்டேன்."

"அவங்க அனகாபுத்தூர் கிறிஸ்டியனுங்க. முறை கெடறதுக்கு நமக்கு எங்கேந்து சொந்தம்?" என்றாள் தனம்.

"கேக்கணும். பெரியப்பா பேரன் கல்யாணத்தை யார் நிறுத்தினது? நான்தான். பொண்ணு ஆறாவது தலைமுறை பங்காளி வூடு. பத்திரிகை அடிச்சாச்சு, நிறுத்தினேன். அண்ணன் தங்கச்சி முறைன்னா முறைதான்."

உதயா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"மோகன்ராஜ் இடத்தைச் சொன்னாக்கூட நான் யோசிப்பேன்," என்றார் ஏகநாதன். "நீ சொன்னா யோசிக்க மாட்டேன். போய் மொண்டுகினு வந்துடுவேன்."

*

தேவதர்ஷினி ஸ்கூட்டரில் உதயாவை ரயில் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனாள்.

"அப்பாகிட்ட சொல்லாதது என்ன இருக்கு அத்தை?"

"பாட்டுல ஒரு வரி."

"எந்தப் பாட்டு?"

"மோகன்ராஜ் பாடறது. 'நெறகுடம் கரைமேல நிக்குதம்மா, மொண்டவள மட்டும் காணலியே.' சின்ன வயசுலேந்து கேக்கறேன். போன வெள்ளிக்கிழமைதான் காதுல விழுந்துது."

ஸ்கூட்டர் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியது. ஒரு மாநகரப் பேருந்து கடந்து போனது.

"குடம் நிறைஞ்சிருக்கு," என்றாள் உதயா. "கரைமேல இருக்கு. மொள்ளும்போது வழுக்கியிருந்தா குடமும் உள்ள போயிருக்கும், இல்ல காலியா மிதந்திருக்கும். மொண்டாச்சு, மேல ஏறியாச்சு, சாயாம வெச்சாச்சு. அப்புறம் எதுக்கு ஏரியில எறங்கணும்?"

"கால் கழுவ?"

"ஐப்பசி. மழை. யாரு கால் கழுவுவா?"

"உடம்பு?"

"உடம்பு கிடைச்சதா பாட்டுல ஒரு வரியும் இல்ல. கேட்டுப் பாத்தேன். மோகன்ராஜுக்கும் தெரியல."

சிக்னல் சிவப்பில் இருந்தது. தேவதர்ஷினி காலை ஊன்றிக்கொண்டு திரும்பினாள்.

"அப்போ அவங்க சாகல."

"அங்க சாகல."

பாட்டில் துர்முகி வருஷம் என்று வருகிறது. கணக்குப் பார்த்தால் 1896. கையில் ஒன்றும் இல்லாமல் போன பெண் ஒரு மாலையில் எவ்வளவு தூரம் நடப்பாள்? வடக்கே போனால் பல்லாவரம். அங்கே பட்டாளம் இருந்தது, மிஷன் இருந்தது. ஊரில் கிடைக்காத அடைக்கலம் மிஷனில் கிடைத்திருக்கலாம். உதயா இரண்டு தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைப் பார்த்துவிட்டாள். இன்றைக்கு மூன்றாவது.

"எது தெரிஞ்சாலும் உடனே போன் பண்ணுங்க அத்தை."

"முழுசா தெரிஞ்ச பிறகுதான் வாயைத் திறப்பேன். ஆபீஸ்ல அதான் வழக்கம்."

"நான் பார்ட்டி இல்ல, உங்க அண்ணன் பொண்ணு."

"எனக்கு எல்லாரும் பார்ட்டிதான்."

சிக்னல் பச்சையானது.

*

தேவாலய அலுவலகத்தில் பென்னி என்ற கிளார்க் பீரோவைத் திறந்தார். நாப்தலின் வாசனை வந்தது.

"போட்டோ எடுக்கக் கூடாது மேடம். கமிட்டில பேஜார் பண்ணுவாங்க. பாத்து எழுதிக்கங்க."

"சரி."

"பார்ட்டி பேரு இன்னா?"

"முனியம்மா."

பென்னி அவளைப் பார்த்தார். "முனியம்மாவ சர்ச்சுல தேடறீங்க."

"ஆமா."

"தேடுங்க. நம்ம கையில இன்னா கீது."

பழுப்பு மை. சாய்ந்த தமிழ் எழுத்து. உதயா 1896 நவம்பரில் தொடங்கினாள். பிறந்த குழந்தைகள், பட்டாளத்துச் சமையல்காரர்கள், ஒரு குதிரைக்காரரின் மூன்று மகள்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பென்னி இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார்.

1897 ஏப்ரல் 18. ஈஸ்டர். பெரியவர்கள் ஏழு பேருக்கு ஞானஸ்நானம். ஐந்தாவது வரி.

முனியம்மாள். வயது சுமார் இருபத்திரண்டு. ஊர் இரும்புலியூர். புருஷன் இல்லை. பிள்ளை இல்லை. புதிய பெயர் தபீதாள்.

உதயா அதை நோட்டில் எழுதினாள். பிறகு இரண்டு 'இல்லை'களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் பொய். பொய் சொன்னவள் உயிரோடு இருந்தாள். அந்த நேரத்தில் இரும்புலியூரில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை ஏரிப் பக்கம் போகாதே என்று அதட்டி வளர்க்கப்பட்டான்.

"கெட்ச்சிச்சா?" என்றார் பென்னி.

"கிடைச்சாச்சு."

"நூறு வருசத்துக்கு முந்தின ஆளப் புடிக்கிறீங்க. என் பைக்கு காணாமப் போயி மூணு மாசம் ஆவுது. அதக் கொஞ்சம் பாருங்களேன்."

"கல்யாணப் பதிவேடும் வேணும்."

"பைக்கு நம்பர் எழுதித் தரட்டா?"

"தாங்க."

பென்னி நம்பரை எழுதித் தந்துவிட்டுத்தான் அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

1899. தபீதாள், இந்தச் சபை. மணமகன் ஆபிரகாம், நெசவு, அனகாபுத்தூர். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லை. அடக்கப் பதிவிலும் இல்லை. கணவன் ஊருக்கே போயிருக்க வேண்டும்.

உதயா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். பதினாறு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். வேலை பாதியில் இருக்கும்போதே பார்ட்டியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஏரியில இல்ல. அனகாபுத்தூர்ல."

"அனகாபுத்தூரா?" ஏகநாதனின் கடையில் யாரோ டைல்ஸை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. "அங்க எப்படிப் போனா?"

"நேர்ல சொல்றேன். சரியான இடம் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

"சம்பந்தி ஊரு."

"ஆமாண்ணா."

"அவதான் காட்டியிருக்கா, பாரு. நான் எட்டு மாசம் பிடிவாதம் புடிச்சேன். அவ ஆரம்பத்துலயே அந்த ஊர்லதான் இருந்திருக்கா." அவர் குரல் இளகியிருந்தது. அந்தக் குரலை உதயா கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "புதுச் சொம்பு வாங்கி வெச்சிருக்கேன். தர்ஷினிய அனுப்பறேன். நீ இடத்தை மட்டும் காட்டு."

*

அனகாபுத்தூரில் உதயாவுக்குத் தெரிந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றுதான். ஆரோனின் வீடு. பழைய நெசவுக்காரர்களைப் பற்றி அங்கேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

ஆட்டோ சந்துக்குள் நுழையவில்லை. நடந்து போனாள். ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு முன்னால் வீடு. சுவரில் நெஞ்சு உயரத்தில் நீல பெயின்டில் ஒரு கோடு. 2015 வெள்ளம் நின்ற அளவு. பக்கவாட்டில் இரும்பு மூடி போட்ட கிணறு. கூடத்தில் ஆரோனின் அம்மா ஹில்டா தையல் மெஷினுக்கு முன்னால் ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. ஆரோனைப் பத்தி விசாரிக்க வந்தீங்களா? நல்ல பையன்தான். பாத்ரூம் லைட்டை மட்டும் அணைக்க மாட்டான்."

"அதை எழுதிக்கறேன்," என்றாள் உதயா. "இது வேற கேஸ். இந்த ஊர்ல பழைய குடும்பம் ஒண்ணு. நெசவு. ஆபிரகாம்னு ஒருத்தர். அவர் சம்சாரம் தபீதாள். அந்த வீட்டு ஆளுங்க யாராவது இப்ப இருக்காங்களா?"

கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றது.

"என்னங்க," என்று ஹில்டா உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. உங்க தபீதாளைக் கேக்கறாங்க."

டேனியல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவர்.

"தபீதாள் எங்க தாத்தாவுக்குப் பாட்டி," என்றார். "ஆபிரகாம் கட்டின வீடுதான் இது. தரை மட்டும் மாத்தியிருக்கோம். நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு பார்ட்டி தேடறாங்க."

உதயா உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். ஹில்டா கொண்டுவந்ததைக் குடித்து முடித்தாள்.

"அவங்களைப் பத்தி வேற என்ன தெரியும் உங்களுக்கு?"

டேனியல் யோசித்தார். "ஒரு பழக்கம் இருக்கு. ஐப்பசியில ஒருநாள் சாயங்காலம், குடம் நிறைய மொண்டு வாசப்படியில வெச்சிடுவோம். தபீதாள் வெச்சாங்களாம், அப்புறம் எல்லாரும் வெக்கறாங்க. எதுக்குன்னு தெரியாது."

"அன்னிக்கு சர்ச் ஐயர் ஜெபத்துக்கு வந்தார்னா உள்ள எடுத்து வெச்சிடுவோம்," என்றாள் ஹில்டா. "மறுநாள் முருங்கைக்கு ஊத்திடுவேன்."

உதயா நோட்டைத் திறந்தாள். எழுதவில்லை. அண்ணன் காலையில் சொன்ன ஒரு வார்த்தைதான் மனதில் ஓடியது. முறை.

முனியம்மாவுக்கு இரும்புலியூரில் ஒரு மகன். அவனிலிருந்து ஐந்தாவது தலைமுறை தேவதர்ஷினி. தபீதாளுக்கு இந்த வீட்டில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையிலிருந்து ஐந்தாவது தலைமுறை ஆரோன். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்திருந்தால் அத்தை வழி. ஆரோன் முறை மாப்பிள்ளை. ஏகநாதன் மேளம் வைத்துக் கொண்டாடுவார். ஆணாக இருந்திருந்தால் ஒரு வயிற்று அண்ணன் தம்பி. அவர்கள் வழியில் வந்த ஆரோனும் தேவதர்ஷினியும் அண்ணன் தங்கை.

"உங்க தாத்தாவுக்கு தபீதாள் அப்பா வழிப் பாட்டியா, அம்மா வழிப் பாட்டியா?"

"தெரியலியே. அம்மா வழின்னு எங்கப்பா ஒரு தடவை சொன்ன ஞாபகம். ஆபிரகாமுக்கு ஒரே பொண்ணு, வீட்டோட மாப்பிள்ளைன்னு."

உதயா நோட்டை மூடப் போனாள்.

"ஆனா பைபிள்ல எழுதியிருக்கும்," என்றார் டேனியல்.

"எடுங்க."

"எடுக்கலாம். திறக்க முடியாது."

குடும்ப வேதாகமம் அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறையில் இருந்தது. வெள்ளத்தில் நனைந்தது. காய வைத்தபோது பிறப்பு இறப்பு எழுதிய முதல் தாள் அட்டையோடு ஒட்டிக்கொண்டது. கிழிந்துவிடும் என்று யாரும் தொடவில்லை.

"ஸ்டீம் அயர்ன் வெச்சிருக்கீங்க இல்ல?" என்றாள் உதயா.

ஹில்டா கணவனைப் பார்த்தாள். டேனியல் வேதாகமத்தை இறக்கி உறையைப் பிரித்தார். பிறகு பிளக்கைச் செருகினார்.

வேதாகமத்தை வெட்டுமேசையில் திறந்து வைத்தார்கள். ஹில்டா இஸ்திரிப் பெட்டியை ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து ஆவியை விட்டாள். உதயா ஓர் அடிஸ்கேலை ஓரத்திலிருந்து நகர்த்தினாள். இருபது நிமிஷம் பிடித்தது. நடுவில் ஒரு பெண் ஜாக்கெட் கேட்டு வந்து, மூன்று பேர் ஒரு பைபிளுக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள்.

தாள் பிரிந்தது. ஓரம் மட்டும் கிழிந்தது.

டேனியல் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஆபிரகாம், தபீதாள். விவாகம் 1899. மகன் ஏசுவடியான், 1901." அவர் நிமிர்ந்தார். "மகனா. அப்போ எங்கப்பா சொன்னது வேற யாரையோ."

"பொண்ணு யாரும் இல்லியா?" என்றாள் உதயா. "கீழ பாருங்க."

"இல்ல. ஒரே பிள்ளை." அவர் விரல் கீழே இறங்கியது. "இதோ இருக்கு. 1931 ஆனி. தபீதாள் இந்த வீட்டில், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கையில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்."

"பாவம்," என்றாள் ஹில்டா. "நம்ம கிணறுங்க. இத்தனை வருஷம் தெரியாமலே இருந்திருக்கோம்."

தண்ணீர் எடுக்கப் போனவள் தண்ணீர் எடுக்கும்போதுதான் இறந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷம் கழித்து.

உதயா நோட்டை மூடினாள். பென்னி போட்டோ எடுக்க விடவில்லை. தபீதாள்தான் முனியம்மா என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, இரும்புலியூரிலும் தெரியாது. அந்த ஒரு வரி அவள் கைப்பைக்குள் இருந்தது. கிணற்றைக் காட்டினால் அண்ணன் அடுத்த நிமிஷம், அவங்க வூட்டுக் கிணத்துக்கு இவ எப்படி வந்தா என்று கேட்பார். பதில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆற்றைக் காட்டினால் ஒன்றும் கேட்க மாட்டார். போய் மொண்டுகொள்வார்.

இதுவரை அவள் எந்தப் பார்ட்டிக்கும் தப்பான இடத்தைக் காட்டியதில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பின்னாலேயே ஒரு பைக்.

"அத்தை இங்கதான் இருக்காங்க," என்று தேவதர்ஷினி பின்னால் திரும்பிச் சொன்னாள். அவள் கையில் பித்தளைச் சொம்பு. கடை ஸ்டிக்கர் இன்னும் கழுத்தில் ஒட்டியிருந்தது. அலுவலகத்திலிருந்து பாதி நாளில் கிளம்பி வந்திருக்கிறாள்.

"வாம்மா," என்றாள் ஹில்டா. "சொம்பு எதுக்கு?"

"எங்க வீட்டு பூஜைக்கு ஆன்ட்டி. எங்க முனியம்மா இந்த ஊர்லதான் இருந்திருக்காங்களாம். அப்பா ஒரே குஷி. போன்ல நாலு தடவை பேசிட்டாரு. ஸ்வீட் எவ்வளவு சொல்லலாம்னு கேக்கறாரு."

ஆரோன் ஹெல்மெட்டை பைக்கில் மாட்டிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனான். பட்டறை கிரீஸ் முழங்கைவரை இருந்தது. இரும்பு மூடியைத் தள்ளி, வாளியை இறக்கி, ஒரு வாளி இறைத்து விளிம்பில் வைத்தான்.

"குழாய்ல கழுவுடா," என்றாள் ஹில்டா. டேனியல் மேசையருகே தாளின் கிழிந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"இதுல கழுவினாத்தான் போகுதும்மா," என்றான் ஆரோன். உதயாவைப் பார்த்து, "வணக்கம் அத்தை," என்றான். தேவதர்ஷினி கூப்பிடுவதைப் பார்த்து அவனும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தான்.

தேவதர்ஷினி நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டே அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் அவள்மேல் தண்ணீரைத் தெளித்தான். அவள் சொம்பை ஓங்கினாள். இருவரும் சிரித்தார்கள்.

வாளியில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தேவதர்ஷினி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தை. எங்க மொள்ளணும்?"